சதுரத்துக்கு வெளியே

மே 26, திங்கள்

அலுவலகத்தில் கொடுத்த நாட்குறிப்பு. பாதி வருஷம் ஓடப்போகிற நேரத்தில்தான் அச்சாகி வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மாற்றம் உங்கள் வயலில் தொடங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் ஒரு வரி. எனக்கு வயலே கிடையாது. வயல் அண்ணனுடையது, அதில் பாடுபடுவது அண்ணி, நானோ கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த அன்று அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. “கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றாள். அவ்வளவுதான்.

இன்று எங்கள் ஊரிலேயே கூட்டம். அடுத்த ஊர்களில் பேசிப் பேசிப் பழகிய வாய், சொந்த ஊரில் வறண்டுபோனது. சீக்கிரம் விளைகிற புது ரகக் கம்பு, கயிறு கட்டி வரிசையில் விதைப்பது, விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்துவது, செடிக்கு ஒரு சிட்டிகை உரம் – எல்லாம் சொன்னேன், படம் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். யார் முன்மாதிரி விவசாயியாக வருகிறீர்கள் என்றதும் அத்தனை பேருக்கும் வீட்டில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

வரப்புக்காரர்தான் வாயைத் திறந்தார். எங்கள் வயலைச் சுற்றி மூன்று பக்கமும் அவர் வயல், நடுவில் வரப்புதான், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். “முதல்ல உங்க வீட்டு வயல்ல போட்டுக் காட்டும்மா. நல்லா வந்தா அடுத்த வருஷம் நான் மொத்தத்துலயும் போடுறேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவைத்தேன்.

மே 28

மேலாளரின் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். முன்மாதிரி வயல் உறுதியான ஊரில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மனசுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் புள்ளி.

இன்று துணிந்து சொன்னேன். “சார், ஊருக்கு ஒருத்தர்னு வேண்டாம். ஒரே ஊர்ல பக்கத்துப் பக்கத்து வயலா ஏழெட்டுப் பேரைச் சேர்ந்து போடவைக்கலாம். இந்த ரகம் ஊர்க் கம்புக்கு முன்னாடியே பால் பிடிக்கும். தனியா ஒரு வயல் மட்டும் முந்திக்கிட்டா அத்தனை குருவியும் அங்கதான் இறங்கும்.”

நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கம்பு போடுகிற யாரும் சொல்வதுதான். அவருக்கும் தெரியும், அவரும் விவசாயம் படித்தவர்தான். கோபப்படவும் இல்லை. வரைபடத்தைக் காட்டி, “ஒரே ஊர்ல எட்டு வயல் போட்டா இதுல ஒரே புள்ளியாத்தானம்மா தெரியும்” என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப வலையாவது குடுங்க சார்” என்றேன். “பாக்கலாம்” என்றார்.

மே 30, வெள்ளி

அண்ணன் வந்திருக்கிறான். வெளியூரில் லாரி ஓட்டுகிறவன், நினைத்தால் வருவான், வந்தால் எதையாவது கிளறிவிட்டுத்தான் போவான். இந்தத் தடவை வயல். வரப்புக்காரர் குத்தகைக்குக் கேட்கிறாராம், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமாம்.

அடுப்படியில் இருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணனிடம் அவள் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. இன்றும் உயர்த்தவில்லை. “இத்தனை வருஷம் நீங்க என்ன போடச் சொன்னீங்களோ அதைப் போட்டேன். இந்த ஒரு வருஷம் என் கையில விடுங்க. வெளைச்சல் வரலைன்னா நானே அவரைக் கூப்பிட்டுக் குடுத்துடுறேன்” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். “சரி, ஒரு வருஷம்” என்றான். அண்ணி உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் இன்றைக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே கேட்டது.

ஜூன் 2

எங்கள் ஊரில் மட்டும் இன்னும் யாரும் கிடைக்கவில்லை. இந்தப் பருவத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. என் பொறுப்பில் இருக்கிற பன்னிரண்டு ஊரும் நிறைந்தால் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. “சொந்த ஊர்லயே ஆள் பிடிக்க முடியலைன்னா எப்படிம்மா” என்று இன்று புள்ளி கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அண்ணியிடம் கேட்டேன். அவள் என்னை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். வேலையில் சேர்ந்த புதிதில் பயிர் படம் ஒன்றை அடுப்படிச் சுவரில் மாட்டிவைத்துப் பேசிப் பழகினேன், அன்றிலிருந்து அந்தக் கிண்டல்.

“டீச்சரம்மா, உன் கம்பு எப்ப வெளையும்?”

“நம்ம கம்புக்கு மூணு வாரம் முன்னாடி.”

“அப்ப குருவிக்கு என்ன பண்றது?”

பார், நான் மேலாளரிடம் கேட்ட அதே கேள்வி. அவர் எனக்குச் சொன்ன பதிலை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆபீஸ்ல வலை குடுப்பாங்க” என்றேன்.

“அப்ப சரி” என்றாள் அண்ணி.

ஜூன் 4

வாய்க்கால் ஓரத்துச் சின்னத் துண்டில் போடலாம் என்று அண்ணியும் நானும் பேசிவைத்திருந்தோம். புள்ளி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். சாலையோரத்து வயல்தான் வேண்டுமாம், பலகை வைத்தால் நாலு பேர் கண்ணில் பட வேண்டுமாம். அது எங்கள் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுகிற வயல். சின்னத் துண்டு கோழிக்கே பத்தாது.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். “போடலாம் அண்ணி” என்றேன். சரி என்றாள்.

சிவப்புப் புள்ளி ஒட்டியாகிவிட்டது.

ஜூன் 14, சனி

விதைப்பு. மழை சொல்லிவைத்த மாதிரி முந்தாநாள் பெய்து நிலம் பதமாக இருந்தது. விதையை ஊறவைத்து, வாசலில் பழைய புடவை விரித்து நிழலில் உலர்த்தி, இன்று காலை எடுத்துப்போனோம். கயிற்றின் ஒரு முனையை நான் பிடிக்க மறுமுனையை அண்ணி பிடித்தாள். முடிச்சுக்கு ஒரு குழி, குழிக்கு நாலு விதை. வீசி விதைத்துப் பழகியவளுக்கு இது பெரிய வேடிக்கை. “இது என்ன விதைப்பா, கோலமா” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வரப்பில் நின்று வரப்புக்காரர் பார்த்தார். “பொம்பளைங்க ரெண்டு பேரும் நிலத்தைத் தைக்கிறீங்க போல” என்றார். “கிழிஞ்சா உங்க பக்கமும் தைச்சு விடுறோம்ணே” என்றாள் அண்ணி. அவள் இப்படி வாயடிப்பாள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, எழுதிவைக்கிறேன்.

ஜூன் 30

முளைத்த கம்பைக் கலைத்துவிடுகிற வேலை. குழிக்கு நாலும் முளைத்திருக்கிறது. நல்லதாக இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். அண்ணி குனிந்தாள், கை நீட்டினாள், கையை இழுத்துக்கொண்டாள். “மொளைச்சு நிக்கிறதைப் பிடுங்க எனக்குக் கை வரல டீச்சரம்மா. நீ பண்ணு.”

இரண்டு வரிசை நான் பிடுங்கினேன். மூன்றாவது வரிசையில் அவளே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் பிடுங்குமுன் எது நல்லது என்று ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலத்துக்குள் என்னைவிட வேகம். பிடுங்கியதைத் தூக்கிப் போட மனசில்லாமல் மடியில் கட்டிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள்.

ஜூலை 19

இடுப்பளவு வந்துவிட்டது. வரிசைக்கு நடுவில் நடந்துபோகலாம். அண்ணி வேலை இல்லாத நேரத்திலும் போய் நடந்துவிட்டு வருகிறாள்.

ஆகஸ்ட் 6

கதிர் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மிகையாகச் சொல்லவில்லை. சுற்றிலும் வரப்புக்காரருடைய ஊர்க் கம்பு இன்னும் பச்சையாக, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. அவர் வந்து ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தார். அவர் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

வலையைப் பற்றி அலுவலகத்தில் கேட்டேன். கொள்முதல் பிரிவில் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 13

மறுபடி கேட்டேன். மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறார்களாம், இரண்டு இடத்திலிருந்து பதில் வந்ததாம், மூன்றாவது வராமல் வாங்க விதி இல்லையாம். மூன்றாவது ஆளுக்கு என்ன, அவர் வயலிலா கதிர் நிற்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

பால் பிடித்துவிட்டது. குருவிக்கு யார் சொல்வார்களோ தெரியவில்லை. காலையில் போனபோது ‘முன்மாதிரி வயல்’ என்கிற பலகைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வரிசை முறையை இந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்டது அவைதான்.

அண்ணி தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பக்கம் ஓட, நான் இன்னொரு பக்கம் ஓடினேன். இங்கே விரட்டினால் அங்கே இறங்குகிறது. அங்கே போனால் இங்கே. கூட்டம் எழும்பினால் வயலுக்கு மேலே ஒரு நிழலே போகிறது. கம்பி கட்டினோம், பளபளக்கிற நாடா கட்டினோம், அண்ணனுடைய பழைய சட்டையைக் குச்சியில் மாட்டினோம். சட்டை மேலேயே உட்காருகின்றன.

அண்ணி மூச்சிரைக்க வந்து, “வலை எப்ப வரும்?” என்றாள்.

“வரும் அண்ணி.”

ஆகஸ்ட் 22

இன்று தொலைபேசியில் புள்ளியிடம் கத்திவிட்டேன். மத்தியானமே ஜீப்பில் வலை வந்தது. ஓடினேன். ஓட்டுநர் இறக்கிவைத்ததைப் பிரித்துப் பார்த்தால் – ஒரு அறையை மூடுகிற அளவு. கூடவே புள்ளியும் வந்திருந்தார். வயலின் நடுவில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்று அளந்து, நாலு மூலையிலும் குச்சி நட்டு, அதன்மேல் மட்டும் அந்த வலையைப் போடச் சொன்னார். அறுவடையன்று அந்தச் சதுரத்தை அறுத்து எடை போட்டு, அதை வைத்துத்தான் ஏக்கருக்கு என்ன விளைச்சல் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தச் சதுரம் கெடக்கூடாதாம்.

“மீதி வயலுக்கு சார்?”

“பெரிய வலை வந்துட்டே இருக்கும்மா. அதுவரைக்கும் ஆள் வச்சு விரட்டச் சொல்லுங்க.”

ஆள். அந்த ஆள் பக்கத்தில்தான் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போனதும் அண்ணி சதுரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “வலையைக் கொஞ்சம் நகத்தி ஓரத்துல போட்டா என்ன? ரோட்டுப் பக்கந்தான் ரொம்ப எறங்குது.” கூடாது அண்ணி என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 25

ஒரு வாரம் விடுப்புக் கேட்டேன். தரவில்லை. பன்னிரண்டு ஊரிலும் போய் நிலவரம் பார்த்து அறிக்கை எழுத வேண்டுமாம். போகிற ஊரிலெல்லாம் இதே கதை. ஊருக்கு ஒரு வயல், அந்த ஒரு வயலில் ஊர்ப் பறவை மொத்தமும். ஒரு ஊரில் கிழவர் ஒருவர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு ஊரில், “வாங்க, குருவிக்குச் சோறு போட்ட மகராசி” என்றார்கள். நியாயந்தான்.

நான் அறிக்கையில் என்ன எழுதினேன்? ‘பறவைத் தொல்லை மிதமாக உள்ளது.’ மிதம் என்கிற வார்த்தை எப்படித்தான் கைக்கு வருகிறதோ.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியுமுன் போகிறாள், இருட்டிய பின் வருகிறாள். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. காற்றுதான் வருகிறது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். கை முழுக்கத் தகரத் தட்டின் விளிம்பு கீறிய கோடு. திட்டேன் அண்ணி. ஒரு வார்த்தை திட்டித் தொலையேன். எத்தனை நாள் இப்படி ஒண்ணும் சொல்லாம இருப்ப? நான்தானே சொன்னேன் வலை வரும்னு. எவன் சொன்னான் வலை வரும்னு? ஒருத்தனும் சொல்லல. நானாச் சொன்னேன். வேலை போயிடுமேன்னு சொன்னேன். உன் வயலை எடுத்து என் வேலைக்கு முட்டுக் கொடுத்தேன்.

இதை அவளிடம் சொல்லாமல் காகிதத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தின் அடியில் ‘மாற்றம் உங்கள் வயலில் தொடங்குகிறது.’

அந்த வரியை இந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அறுவடை நாள் விழா. சாலையோரம் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கார்.

செப்டம்பர் 6

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

வயலுக்குள் நுழைந்தால் கம்பு இருந்த இடமெல்லாம் வெறும் சக்கை. கதிர் கதிராகத்தான் நிற்கிறது, தொட்டால் மணி இல்லை. நடுவில் அந்தச் சதுரம் மட்டும் வலைக்குள் கனத்துத் தலை சாய்ந்து நின்றது. விருந்தாளிகளை நேராக அங்கே கூட்டிப்போவதற்கு ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். வலையை எடுத்ததும் எல்லோரும் படம் எடுத்தார்கள். அறுத்தார்கள், அடித்தார்கள், எடை போட்டார்கள். ஒருவர் கைபேசியில் பெருக்கிப் பார்த்து ஏக்கர் கணக்கைச் சொன்னார். கைதட்டல்.

புள்ளியைத் தனியாக இழுத்துப்போய், “சார், சதுரத்துக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, உங்க கண்ணாலயே பாக்குறீங்க” என்றேன்.

“சதுரத்துக்கு வெளிய நடந்தது பறவைச் சேதம்மா. அது ரகத்தோட குறையும் இல்ல, முறையோட குறையும் இல்ல. நாம அளக்குறது ரகத்தை. நான் பொய் சொல்றேனா, சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை. ஒரு மணி கூடுதலாக எடை போடவில்லை. சாட்சி என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி சதுரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அடித்த இடத்தில் சிதறிய மணியைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகில் வந்து அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்: “இந்தச் சதுரத்துக் கம்பையாச்சும் எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்களா?”

விடவில்லை. மாதிரிக்கு வேண்டுமென்று பையில் கட்டி முத்திரை வைத்துக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

அப்புறம் மேடை. சிறந்த முன்மாதிரி விவசாயி. அண்ணியைக் கூப்பிட்டார்கள். முகம் கழுவி, மணி பொறுக்கிய அதே புடவையோடு ஏறினாள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டு ஒலிவாங்கியை வாயருகே வைத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் திறந்தாள். என்ன சொல்ல வந்தாளோ எனக்குத் தெரியாது. புள்ளி ஒலிவாங்கியை வாங்கி, “சந்தோஷத்துல பேச்சு வரல” என்றார். பலத்த கைதட்டல். அதில் வரப்புக்காரரும் தட்டினார்.

பரிசு ஒரு பெரிய கட்டு. பளபளக்கிற காகிதம் சுற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தோம்.

வலை. முழு வயலையும் மூடுகிற வலை. மூன்றாவது ஆள் விலை சொல்லிவிட்டார் போல.

அண்ணி அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் புறக்கடைக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிச்சம் இருந்த கதிரையெல்லாம் அண்ணியும் நானும் அடித்துத் தூற்றினோம். அரை மூட்டைகூடத் தேறவில்லை. கம்பந்தட்டையும் குட்டை ரகம், மாட்டுக்கும் காணாது.

அண்ணன் வந்து மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தான். “ஏக்கருக்கு இத்தனை மூட்டைன்னு ரோட்டுல பலகையே வச்சிருக்காங்களே, அதெல்லாம் எங்க?” என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். ஊரில் விசாரித்தார்களாம், விளைச்சலை ரகசியமாக விற்றுவிட்டீர்களா என்று.

நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டாள். இப்போது குரல் பாதி வந்துவிட்டது. “குருவி தின்னுடுச்சு. நாந்தான் சரியா விரட்டல.”

என் பெயரை இழுக்கவில்லை. வலைப் பேச்சையே எடுக்கவில்லை. இழுத்திருக்கலாம். அண்ணன் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பான், நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். இது சரியாகாது.

செப்டம்பர் 21

வரப்புக்காரரை அண்ணியே கூப்பிட்டனுப்பினாள். சொன்ன சொல். அவர் வந்து உட்கார்ந்தார், அண்ணி தண்ணீர் கொடுத்தாள். குத்தகை பேசி முடிந்ததும் எழுந்தவர், வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “உன் கம்பு நல்ல கம்புதாம்மா. நான் கண்ணால பாத்தேனே. தனியாப் போட்டதுதான் தப்பு. நான் மொத்தத்துலயும் போட்டா எத்தனை குருவி வந்துதான் என்ன திங்கும்?”

அதைத்தான் மே மாசம் நான் ஒரு ஆளிடம் சொன்னேன்.

அண்ணி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குத் தட்டு வைத்தாள், பரிமாறினாள், “இன்னும் கொஞ்சம் வைக்கவா” என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். ‘டீச்சரம்மா’ இல்லை. கொஞ்ச நாளாகவே இல்லை என்பது இன்றுதான் உறைக்கிறது.

அக்டோபர் 9

நிரந்தர ஆணை வந்துவிட்டது. அண்ணியிடம் காட்டினேன். “நல்லா இரு” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 27

அலுவலகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். பயணம் மிச்சம் என்று காரணம் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போகும்போது அண்ணி ஒரு டப்பாவில் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். புறக்கடையில் கோழிக்கூண்டைச் சுற்றி அந்தப் பரிசு வலையைக் கட்டியிருக்கிறாள். முழு வயலுக்கான வலை, நாலு மடிப்பாக மடித்து.

ஜனவரி 5

புது நாட்குறிப்பு வந்திருக்கிறது. அட்டையில் அண்ணி. கையில் சதுரத்துக் கதிர்.

பிப்ரவரி 18

புள்ளிக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலோடு பதவி உயர்வு. அவர் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். போகும்போது வரைபடத்தையும் மிச்சமிருந்த சிவப்புப் புள்ளிகளையும் என்னிடம் ஒப்படைத்தார். “நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதாம்மா” என்றார், கதவருகில், செருப்பை மாட்டிக்கொண்டே. எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 23

இந்த வருஷம் பக்கத்துப் பக்கத்து வயலாகச் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று திட்டத்தில் எழுதி அனுப்பினேன். ஒரே கடிதத்தில் ஒத்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமா? போன வருஷம் இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் –

வேண்டாம். அந்தப் பக்கம் போகாதே.

ஜூலை 1, புதன்

தலைமை அலுவலகத்துப் பார்வையாளர் இரண்டு பேரை எங்கள் ஊருக்குக் கூட்டிப்போனேன். காட்டுவதற்கு இருக்கிற ஊர்களில் அதுதான் முதலிடம். வரப்புக்காரர் தன் வயல் முழுக்க, எங்கள் வயலையும் சேர்த்து, புது ரகத்தைக் கயிறு பிடித்து விதைத்திருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்த ஐந்தாறு பேரும். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை வரிசை. பறவை வந்தாலும் இத்தனை வயலுக்கும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். இந்தத் தடவை நன்றாகத்தான் விளையும், எனக்குச் சந்தேகமே இல்லை.

“ஒரே ஒரு முன்மாதிரி வயலைப் பாத்துட்டு மொத்தமும் மாறியிருக்காங்க சார்” என்று சொன்னேன். பொய் இல்லை.

எங்கள் வயலில் – அந்த வயலில் – பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து கம்பைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படிக் கலைக்கிறார்கள் என்று படம் எடுக்க வேண்டும் என்றார் பார்வையாளர் ஒருவர். வரப்புக்காரர் கை காட்டினார். “அந்தம்மாவை எடுங்க. இந்த வேலையில அது கை மாதிரி வராது. மத்தவங்களுக்கும் அதுதான் சொல்லிக்குடுத்துச்சு.”

அண்ணி நிமிர்ந்தாள். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். இது என் அண்ணி, இது இவங்க வயல் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் எனக்கு முன்னால் பேசினாள். குரல் நன்றாகவே திரும்பியிருந்தது.

“சொல்லுங்க மேடம். குழிக்கு எத்தனை விடணும்?”

அவளுக்குத் தெரியும். அவளைவிடத் தெரிந்தவர் அந்த வயலில் யாரும் இல்லை.

“ரெண்டு” என்றேன்.

“சரிங்க மேடம்.”

குனிந்து பிடுங்கினாள். எது நல்லது என்று நின்று பார்க்கவில்லை. கை தானாகப் போனது. பிடுங்கியதை மடியில் கட்டிக்கொள்ளவும் இல்லை, வரிசைக்கு நடுவில் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தாள். பார்வையாளர் தன் நாட்குறிப்பைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். அட்டையில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. துண்டு கட்டியிருந்ததால் இருக்கலாம்.

ஜீப்பில் ஏறும்போது கேட்டார்: “அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? நீங்க போறதையே பாத்துட்டு நின்னாங்க.”

“நம்மகிட்ட பயிற்சி எடுத்தவங்க சார்” என்றேன்.